லீலாவுக்குப் பத்து நாள்

பனிக்குத் தூவின உப்பு
இன்னும் படிகளின் மூலையில் வெள்ளை விட்டிருக்கிறது.
மே பிறந்து மூன்று கிழமை.
தடித்த அங்கிகளை ஒருவரும் உள்ளே வைக்கவில்லை.
மொன்றியலை நம்பி
ஒருமுறை ஏமாந்தவர்கள் நாங்கள்.

தையல் ஆலையில் மூன்றரைக்கு மணி.
மூன்று நாற்பதுக்கு பஸ்.
நாலுக்கு நான் கதவைத் திறந்தால்
நாலு ஐந்துக்கு யோகேந்திரன் படி இறங்குவார்,
உணவகத்தில் கோப்பை கழுவ.
கதவடியில் பிள்ளை கை மாறும்.
சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டதோ,
பால் குடித்தாளோ,
மின்சாரக் காசு கட்டியாச்சோ.
அந்த ஐந்து நிமிஷத்துக்குள்தான்
எங்கள் கல்யாணம்
நடந்துகொண்டிருக்கிறது.

மற்றவர்கள் கோடையை முற்பணமாய் வாங்கிச் செலவழிக்கிறார்கள்.
பத்துப் பாகை வெயிலுக்கு அரைக்காற்சட்டை,
நடைபாதையில் கதிரை போட்டுக் கோப்பி,
பூங்காப் புல்லில் நாயோடு படுத்திருக்கிற பெடியள்.
பஸ் யன்னலால் பார்க்கிறேன்.
நல்லாய் இருக்கட்டும்.

என்னுடையது ஒரு பின் ஒழுங்கையில் இருக்கிறது.
ஒரு தரிப்பு முன்னால் இறங்க வேண்டும்.
குப்பைத் தொட்டிகள், சில்லு இல்லாத சைக்கிள்,
ஆரோ எறிந்த மெத்தை,
அதற்கப்பால் துருவேறின கம்பிவேலி.
வேலிக்கு மேலால் ஊதாக் கொத்துக்கள்
ஒழுங்கைப் பக்கமாய்ச் சாய்ந்து நிற்கும்.
மரம் வீட்டுக்காரருடையது.
வாசம் மாநகரசபையினுடையது.

பெயர் என்னவென்று
பக்கத்து மெஷின் மிர்லாந்தைக் கேட்டேன்.
"லீலா" என்றாள்.
பிரெஞ்சில் அப்படித்தானாம்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
கணக்குப் பாடத்தில் என்னைப் பார்த்து எழுதின
லீலாவதியைத் தவிர
வேறொரு லீலாவை நான் அறியேன்.

பத்து நாள்தான் இவள் இருப்பாள்.
மழை பெய்தால் ஏழு.
ஓவர்டைம் கேட்டால் ஆறு.
ஆதலால் வருஷத்தில் பத்து நாள்
எனக்கு பஸ் பிந்தும்.

பதினொரு நிமிஷம்.
ஒழுங்கைக்குள் நடக்க நாலு,
திரும்ப ஓட்டமும் நடையுமாய் மூன்று,
மிச்சம் நாலும் என்னுடைய மூக்குக்கு.

கொத்தை முறிக்க மாட்டேன்.
குதிக்கால் உயர்த்தி, கண்ணை மூடி,
முகத்தை உள்ளே விடுவேன்.
காலையிலிருந்து காற்சட்டைப் பை தைத்த நூல்தூசு
மெல்ல இறங்கிப் போகும்.
மல்லிகை மாதிரியோ என்று யாரும் கேட்க வேண்டாம்.
மல்லிகை மாதிரி இல்லை.
எனக்கு ஒன்றையும் ஞாபகப்படுத்தாத வாசம் அது,
அதனால்தான் இவ்வளவு இளைப்பாறல்.
ஒருநாள் ஒரு தேனீ கன்னத்தில் முட்டிவிட்டுப் போனது.
அதற்கும் என்ன அவசரமோ.

"பஸ் பிந்திப் போச்சு" என்பேன்.
அவர் ஒன்றும் சொல்லாமல்
சப்பாத்தோடு கதவடியில் நிற்பார்.
அந்தப் பதினொரு நிமிஷத்தை
எந்த வீதியில் ஓடிப் பிடித்தாரோ,
நான் கேட்டதில்லை.

சனிக்கிழமை, நிலக்கீழ் அறையில் உடுப்புத் தோய்க்க
மெஷினுக்குச் சில்லறை தேடி
அவருடைய அங்கிப் பைக்குள் கை விட்டேன்.
இரண்டு டொலர்க் குற்றி ஒன்று.
கசங்கின பற்றுச்சீட்டு.
அதில் ஒட்டினபடி, நாலு இதழோடு,
காய்ந்து மண்ணிறமாய்
ஒரு சின்னப் பூ.

இரவு ஒரு மணிக்கு,
சவர்க்காரத்தில் ஊறின விரல்களோடு.
இருட்டில் என்ன நிறம் தெரிந்திருக்கும்?
வாசத்தைப் பிடித்துக்கொண்டுதான்
போயிருக்க வேண்டும்.

பூவைப் பைக்குள்ளேயே திரும்ப வைத்தேன்.
அந்த அங்கியை மட்டும் தோய்க்காமல் விட்டேன்.

திங்கள், விடிய ஐந்தே முக்கால்.
நான் சப்பாத்து மாட்டுகிறேன்.
கட்டிலில் இருந்து, கண் திறக்காமல்:
"இண்டைக்கும் பஸ் பிந்துமோ?"

"பிந்தும்."

"எவ்வளவு?"

"மழை இல்லையெண்டால்
பதினொரு நிமிஷம்."

மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.
"நாலரைக்குத்தான் வருவன் எண்டு
போன கிழமையே கடையிலை சொல்லிட்டன்.
ஆறுதலாய் வாரும்.
அரிசியை நான் போடுறன்."